டோலோலிங் அடிவாரத்திலிருந்து தில்லி வரை: ஆறு நாள் குறிப்புகள்

நாள் 1: ஸ்ரீநகர், சோனாமார்க்

கார்கில் வெற்றி நாள் ஜூலை 26. அந்தத் தேதியில் லடாக்கின் திராஸ் ஊரருகே இருக்கும் கார்கில் போர் நினைவிடத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆனால் அந்த இரண்டு மூன்று நாட்களும் நினைவிடம் ராணுவ விழாவுக்கானது. வீரர்களின் குடும்பத்தார், பெரிய அதிகாரிகள், அனுமதிச் சீட்டு, பாதுகாப்புச் சோதனை என்று இருக்கும். அமர்நாத் யாத்திரையின் பால்டால் பாதையும் சோனாமார்க்கை ஒட்டியே போவதால், அந்தப் பருவத்தில் வண்டிகளை நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். நின்று நிதானமாகப் பார்க்க செப்டம்பர்தான் நல்ல மாதம். பனி உருகும் நீர் குறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், சிகரங்கள் துல்லியமாகத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். ரொக்கத்தை ஸ்ரீநகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், திராஸில் ஏ.டி.எம்.மை நம்பிப் போக வேண்டாம். ஆதார் அட்டையின் நகல்கள் நாலைந்து கையில் இருக்கட்டும். காஷ்மீர் வண்டி திராஸ், கார்கில் வரை கொண்டுபோய் விடும். அதற்கு அப்பால் ஊர்சுற்ற உள்ளூர் வண்டிதான் பிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள டாக்சிக்காரர்களின் ஏற்பாடு. இதை வாடகை பேசும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால் கார்கிலில் தகராறு வரும்.

முதல் இரவை சோனாமார்க்கில் கழிப்பது உடம்புக்காக. ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர், சோனாமார்க் 2,700 சொச்சம், திராஸ் 3,300 பக்கம். ஒரே நாளில் ஸ்ரீநகரிலிருந்து திராஸ் போய்ப் படுத்தால் நடு இரவில் தலைவலியும் குமட்டலும் எழுப்பிவிடும். இந்த உயரத் தொல்லையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் திறந்த ஆறரைக் கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்த பிறகு சோனாமார்க் வரை பயணம் சுலபம்.

நாள் 2: ஸோஜிலா

காலையிலேயே கிளம்ப வேண்டும். ஸோஜிலா கணவாய் 3,528 மீட்டர். மலை முழுக்க உதிரும் பாறை. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி வழியும், பாதை சேறாகும், அதில் ஒரு லாரி சிக்கினால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். எந்த நேரத்தில் எந்தத் திசைக்கு வண்டி விடுவார்கள் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறை அன்றாடம் அறிவிக்கும். முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கணவாயைச் சும்மா கடந்து போகக் கூடாது, முக்கியமாக நம்மூர்க்காரர்கள். முதல் காஷ்மீர்ப் போரில், 1948 நவம்பர் 1 அன்று 7ஆம் லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகள் பனி கொட்டும்போது இங்கே ஏறி, எதிரியின் பதுங்குகுழிகளைச் சுட்டுத் திறந்தன. அந்த உயரத்துக்கு டாங்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டம் வெளியே கசியாமலிருக்க மேல்கோபுரங்களைக் கழற்றித் தனியாகக் கொண்டுவந்தார்கள். சரி, டாங்கு ஏறுவதற்குப் பாதை? அது வெறும் கோவேறு கழுதைத் தடம். பால்டாலிலிருந்து மேலே அதை வெட்டி, வெடிவைத்து, அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், தென்னிந்தியப் பொறியாளர் படை. டாங்கு ஓட்டியவர்களின் கதை எல்லாரும் சொல்வது. பாறையை உடைத்தவர்களை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பால்டால் பக்கத்து வளைவுகளில் வண்டி முதல் கியரில் முனகும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவாய்க்குப் பின் கும்ரி, மட்டாயின், பந்த்ராஸ், பிறகு திராஸ். பச்சை சட்டென்று நின்று மலை பழுப்பாகிவிடும். ஊர் வந்ததும் அறையில் பையை வைத்துவிட்டு, வெந்நீர் குடித்து, மெதுவாக ஒரு நடை. அன்று வேறு எதுவும் வேண்டாம். செப்டம்பரிலேயே இரவுக் குளிர் எலும்பைத் தொடும்.

நாள் 3: நினைவிடம்

திராஸிலிருந்து கார்கில் போகும் சாலையில் சுமார் ஐந்து கிலோமீட்டரில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. கட்டணம் இல்லை, அடையாள அட்டை காட்ட வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுங்கள். வெயில் முன்பக்கமாக விழுந்து மலையின் மடிப்புகள் தெரியும், சுற்றுலாப் பேருந்துகளும் வந்திருக்காது. பகலில் அங்கே காற்று பலமாக அடிக்கும்.

முதலில் சுவருக்குப் போகாதீர்கள். வாசலுக்குள் வந்ததும் நின்று, சாலையைத் திரும்பிப் பாருங்கள், பிறகு எதிரே உள்ள டோலோலிங்கை நிமிர்ந்து பாருங்கள். போரின் காரணம் அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும். மேலே உட்கார்ந்தவனுக்கு ஸ்ரீநகர், லே சாலையில் ஓடும் ஒவ்வொரு லாரியும் தெரியும். பார்த்துச் சொன்னால் போதும், மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் பீரங்கி சாலையில் குண்டு போடும். லடாக்குக்கு அரிசி, எண்ணெய், தோட்டா எல்லாம் போவது இந்தச் சாலையில். அதனால்தான் எத்தனை உயிர் போனாலும் டோலோலிங்கை முதலில் மீட்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் தொடங்கிய முயற்சி 1999 ஜூன் 13 விடியலில் 2ஆம் ராஜ்புதானா ரைபிள்ஸ் கையில் முடிந்தது. அதற்கு முன் 18ஆம் கிரெனடியர்ஸ் பல நாள் அந்தச் சரிவில் கிடந்து இழந்தவர்கள் பலர். மேஜர் ராஜேஷ் அதிகாரி அவர்களில் ஒருவர், அவருக்கு மகாவீர் சக்ரா.

பணியிலிருக்கும் ஜவான் ஒருவர் சிகரங்களைக் கைகாட்டி விளக்குவார். டோலோலிங், டைகர் ஹில் (5,062 மீட்டர்), இப்போது பத்ரா டாப் எனப்படும் 4875 மீட்டர் முனை. இந்தியில் சொல்வார், புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள், ஆங்கிலத்திலும் சொல்ல முயல்வார்கள். பிறகுதான் இளஞ்சிவப்பு மணற்கல் சுவர். அதில் பித்தளைத் தகட்டில் பெயர்கள். அந்தப் போரில் உயிர்துறந்தவர்கள் 527 பேர், காயமடைந்தோர் 1,363 பேர். பெயர்களைப் படைப்பிரிவோடு சேர்த்து வாசியுங்கள். ஒரே பிரிவின் பெயர் அடுத்தடுத்து வரும்போது, ஒரு சரிவில் ஒரு இரவில் என்ன நடந்திருக்கும் என்பது தானாகப் புரியும்.

மரியாதை செலுத்தும் முறை பற்றிக் கொஞ்சம். மலர்வளையம் வைக்க விரும்பினால் ஸ்ரீநகரிலிருந்தே கொண்டு வர வேண்டும், உள்ளே பணியிலிருப்பவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கையாலும் வைத்து, ஓரடி பின்வாங்கி, தலைதாழ்த்தி நில்லுங்கள். சீருடை இல்லாத நாம் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. கைகூப்பினால் போதும். தொப்பியும் கூலிங் கிளாஸும் கழற்றிவிடுங்கள். கைபேசியை ஒலியடக்குங்கள். செல்ஃபி எடுக்கிறவர்கள் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் எடுக்க முடியும், அது ஒன்றே அங்கே செல்ஃபி வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

அங்கே நாங்கள் ஒரு பெரியவரைப் பார்த்தது காட்சிக்கு வைத்திருக்கும் போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்தில். நீலக் கோட்டு, இடது மார்பில் ஒரு வரிசைப் பதக்கம். வரிசையில் அவருடைய வலக்கை ஓரம் முதலாவதாகச் சிவப்பு நாடா, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. அது சேனா மெடல். ஓய்வுபெற்ற ஹவில்தார், பீரங்கிப் படை, நம் தென்மாவட்டம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நாடாவை வாசிக்கத் தெரிந்துகொள்வது ஒரு பட்டாளத்தாருக்குச் செய்யும் முதல் மரியாதை. உயர்ந்த விருது எப்போதும் மார்பின் நடுப்பக்கம், அதாவது அணிந்திருப்பவரின் வலக்கை ஓரம் வரும். முழு ஊதா நாடா பரம் வீர் சக்ரா. பாதி வெள்ளை, பாதி காவி என்றால் மகாவீர் சக்ரா. பாதி கருநீலம், பாதி காவி என்றால் வீர் சக்ரா. இவை மூன்றும் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு. போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கான அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்களில் பச்சை நாடாவில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று காவிக் கோடுகள் இருக்கும். இன்னொன்று: பதக்கங்கள் வலது மார்பில் இருந்தால், அணிந்திருப்பவர் வீரரல்ல, மறைந்த வீரரின் மனைவியோ, பெற்றோரோ, பிள்ளையோ. அவர்களிடம் ‘நீங்க எங்க சண்டை போட்டீங்க’ என்று கேட்டுவிடக் கூடாது.

“சார் எல்லாம் வேணாம் தம்பி, அண்ணேன்னு கூப்பிடுங்க” என்றார். டைகர் ஹில்லைக் காட்டி, அங்கே ஏறினீர்களா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு உடனே தலையை ஆட்டிவிட்டார். “ஏறுனது நாங்க இல்ல தம்பி. நாங்க கீழ ரோட்டுப் பக்கம் நின்னு அடிச்சோம். ஏறுனவங்க பேரு அந்தச் சுவத்துல இருக்கு.”

கீழே நின்று அடித்தது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பீரங்கியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறத்தாழ 43 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதை 10,000 அடிக்கு மேலே, மூச்சு முட்டும் காற்றில், இரவு முழுக்கத் தூக்கிக் கொடுக்க வேண்டும். உடல்பலம் அதில் பாதிதான். மீதிப் பாதி கணக்கு. இந்த உயரத்தில் காற்று மெலிசு, குண்டைத் தடுக்காது. சமவெளிக்குப் போட்ட தூரப் பட்டியலைப் பார்த்துச் சுட்டால் குண்டு இலக்கைத் தாண்டிப் போய்விடும். இரவில் குளிர் இறங்கினால் வெடிமருந்து மெதுவாக எரியும், அப்போது குண்டு குறைவான தூரத்தில் விழும். ஆக மதியம் சரியாக விழுந்த அளவு நள்ளிரவில் சரியாக விழாது. காற்றின் வேகம், வெப்பநிலை, மருந்தின் சூடு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்த வேண்டும்.

இலக்கும் சமவெளி இலக்கு அல்ல. கத்தி முனை மாதிரியான முகடு. குழாயின் திசை ஒரு மில், அதாவது கோணத்தில் மிகச் சின்ன அளவு, பிசகினால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி பத்து மீட்டர் விலகும். சமவெளியில் பத்து மீட்டர் பெரிதல்ல. இங்கே பத்து மீட்டர் அந்தப் பக்கம் போனால் குண்டு முகட்டைத் தாண்டிப் பள்ளத்தில் போய் வெடிக்கும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பக்கம் வந்தால்? “இந்தப் பக்கம் நம்ம பசங்க ஏறிட்டு இருப்பாங்க” என்றார். சொல்லிவிட்டு வலது உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்தபடி சற்று நேரம் நின்றார். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் இரண்டரை லட்சத்துக்கும் மேல். போஃபர்ஸை வளைத்துச் சுடுவது மட்டுமில்லாமல், எதிரே தெரியும் முகட்டைக் குறிபார்த்து நேராகவும் சுட்டார்கள். நேராகப் பார்த்துச் சுடும் பீரங்கியை எதிரியும் நேராகப் பார்ப்பான், எதிர்க்குண்டு வரும். திராஸ் பகுதியின் 5140 முனைக்கு 2022இல் ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தது இந்தப் படைக்கு மரியாதையாக. அந்தச் செய்தியைச் சொல்லும்போதுதான் பெரியவர் முகத்தில் பெருமை தெரிந்தது. தன் பதக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, “ஒரு கன்னுல ஆறேழு பேரு நிப்போம். மெடல் ஒருத்தன் சட்டையிலதான் குத்த முடியும்” என்றார்.

எங்கள் குழு பொன்னாடை கொண்டு போயிருந்தது. போர்த்தப் போனபோது அவர் மெல்லக் கையால் தடுத்து, கையில் வாங்கிக்கொண்டார். காரணம் பிறகு சொன்னார். பதக்க வரிசையின் பின்பக்கம் ஊசி இருக்கும். ஜரிகை அதில் மாட்டி இழுத்தால் நாடா கிழியும், பதக்கம் கழன்று விழும். ஈர மாலை போட்டால் நாடாவில் கறை ஏறிவிடும். போர்த்தினால் பதக்கங்களும் மறைந்துவிடும். ஊரில் படைவீரரை மேடையேற்றிக் கௌரவிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பொன்னாடையைக் கையில் கொடுங்கள். கைத்தடி இருந்தால் ஒரு கை காலியாக இருக்காது, பக்கத்தில் ஒருவர் வாங்கிக்கொள்ள நிற்கட்டும். அறிமுகப்படுத்தும்போது பதவியையும் படைப்பிரிவையும் அவரிடமே எழுதி வாங்கி அப்படியே படியுங்கள். நாயக்கை நாயப் சுபேதார் என்று உயர்த்திச் சொன்னால் அவருக்கு அது மகிழ்ச்சி தராது, கூச்சம்தான் தரும்.

‘எத்தனை பேரைச் சுட்டீங்க’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். எந்த ரெஜிமென்ட், எந்த பேட்டரி, லங்கரில் (படைச் சமையற்கூடம்) என்ன சாப்பாடு, ஊருக்குக் கடிதம் எப்படிப் போச்சு என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். வராவிட்டால் கூடவே சும்மா நில்லுங்கள்.

கிளம்பும்போது எங்கள் அடுத்த நிறுத்தம் தில்லி என்று தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒரு பெயர், ராணுவ எண், ரெஜிமென்ட், ஆண்டு. கூட ரிக்ரூட்டாகச் சேர்ந்த நண்பராம். கார்கில் போருக்கு முன்பே சியாச்சினில் உயிர்விட்டவர் என்பதால் திராஸ் சுவரில் பெயர் இராது. “தில்லி சுவத்துல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. என்னால இனி அவ்வளவு தூரம் ஆகாது.”

நாள் 4: பட்டாலிக் சாலை

கார்கிலிலிருந்து பட்டாலிக் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், இடையில் ஹம்போட்டிங் லா என்னும் கணவாய். உள்ளூர் வண்டி, உள்ளூர் ஓட்டுநர். எல்லைக் கோடு அருகில் என்பதால் அடையாள அட்டை அவசியம். அன்றன்று எதுவரை விடுகிறார்கள் என்பதைக் கார்கிலிலேயே விசாரியுங்கள். முகாம்கள், பாலங்கள், வாகன வரிசை எதையும் படம் எடுக்காதீர்கள்.

இந்த வழியைச் சேர்த்ததற்குக் காரணம் மேஜர் மாரியப்பன் சரவணன். திருச்சிக்காரர், 1ஆம் பிகார் ரெஜிமென்ட். 1999 மே 29 அன்று இந்தப் பகுதியின் ஜுபார் மலையில், 14,000 அடிக்கு மேல், எதிரியின் நிலையைத் தாக்கி உயிர்துறந்தார். வயது 26. சரிவு முழுதும் எதிரியின் சூட்டுக்கு அடியில் இருந்ததால் உடலை எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவருடைய படைப்பிரிவு ஜூலைத் தொடக்கத்தில் ஜுபாரை மீட்ட காலத்தில்தான் அவர் கீழே வந்தார். வீர் சக்ரா வழங்கப்பட்டது. திருச்சி கன்டோன்மென்டில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. தினமும் அதில் போய் வருகிறவர்கள் ஒருமுறையாவது இந்த மொட்டை மலையைப் பார்க்க வேண்டும். மறைந்துகொள்ள ஒரு புதர் கிடையாது.

நாள் 5

திரும்பும் வழி. கார்கிலில் விடியற்காலை புறப்பட்டு, ஸோஜிலா நேரத்தைப் பிடித்து, இருட்டுவதற்குள் ஸ்ரீநகர். விமானத்தை அன்றைக்கே போடாதீர்கள்.

நாள் 6: தில்லி, தேசியப் போர் நினைவிடம்

இந்தியா கேட்டுக்குப் பின்னால். 2019 பிப்ரவரி 25இல் திறந்தது. நுழைவு இலவசம். மாலை நாலு மணிக்கு மேல் போனால் வெயிலும் தாழும், மாலைச் சடங்கையும் பார்க்கலாம். மறைந்த ஒரு வீரரின் குடும்பத்தார் தினமும் மாலையில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

நடுவில் அணையா விளக்கு எரியும் அமர் சக்ரா, அதைச் சுற்றி வீரதா சக்ரா, தியாக சக்ரா, மரங்கள் நிற்கும் ரக்ஷக சக்ரா என்று நான்கு வட்டங்கள். பெயர்கள் தியாக சக்ராவின் கிரானைட் கற்களில் பொன்னெழுத்தில் இருக்கின்றன, இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். ஒரு ஆளுக்கு ஒரு கல். பக்கத்திலேயே பரம் யோதா ஸ்தலத்தில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். 1987 நவம்பர் 25இல் இலங்கையில் மார்பில் சுடப்பட்ட நிலையிலும் படையை நடத்திய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே இருக்கிறார். உயிரோடிருக்கும் பானா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார் மூவரின் சிலைகளும் உண்டு.

யாதவின் சிலை முன் நிற்கும்போது ஒரு செய்தி நினைவில் இருக்கட்டும். டைகர் ஹில்லில் உடல் முழுக்கக் குண்டு வாங்கி உயிர்பிழைத்தவர், அப்போது வயது 19. அவருக்கு விருதை முதலில் அறிவித்தபோது மறைவுக்குப் பிந்தைய விருது என்றே அறிவித்தார்கள். அதே படைப்பிரிவில் அதே பெயரில் இன்னொருவர் உயிர்துறந்திருந்ததால் வந்த குழப்பம். இவரோ மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார்.

பெயர் தேடும்போதும் இதுதான் சிக்கல். பெயரை வைத்து மட்டும் தேடினால் அதே பெயரில் பலர் வருவார்கள். தமிழ்ப் பெயரென்றால் கூடுதல் தொல்லை: ஆட்சேர்ப்பு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டலே கடைசி வரை பதிவில் நிற்கும். ‘ழ’ எதுவாகவும் மாறியிருக்கும், இனிஷியல் பின்னால் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். ஆகவே எண், ரெஜிமென்ட், ஆண்டு மூன்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள். உள்ளே பெயர் தேட மின்னணுத் திரைகள் இருக்கின்றன. திரை சொல்லும் சுவரைக் கண்டுபிடித்த பிறகும் கண்ணால் கல் கல்லாகத் தேட வேண்டியிருக்கும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தாளில் இருந்த பெயர் கிடைத்தது, கண் மட்டத்துக்குச் சற்று மேலே. அங்கிருந்தே பெரியவரைக் கைபேசியில் அழைத்தோம். இருக்கிறது என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“இனிஷியல் போட்டிருக்கா பாருங்க தம்பி. அவங்க அப்பா பேரு அது.”

போட்டிருந்தது.